ஒரு கரிக்கணக்கு பிறந்த கதை

ஜொகூரின் தெற்கு முனையில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், 2,217 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சேர்த்து 2006 நவம்பரில் மலேசிய அரசு ஒரு பொருளாதார மண்டலத்தைத் தொடங்கியது. சிங்கப்பூரைப் போல மூன்று மடங்கு பரப்பு. ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், ஸ்கூடாய், கூலாய், பொந்தியானின் ஒரு பகுதி எல்லாம் அதற்குள் அடக்கம். அப்போதைய சுல்தானின் பெயரால் அது இஸ்கண்டார் மலேசியா ஆயிற்று. அதை நடத்துவதற்கென்று 2007-இல் தனிச் சட்டம் இயற்றி, இஸ்கண்டார் வட்டார மேம்பாட்டு ஆணையத்தை நிறுவினார்கள், சுருக்கமாக ‘இர்டா’. 2005-இல் அங்கே சுமார் 13.5 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2025-இல் 30 லட்சம் பேர் வாழ்வார்கள், உற்பத்தி ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது அப்போதைய எதிர்பார்ப்பு.

முதலீட்டுக்குக் கணக்கு இருந்தது, வேலைவாய்ப்புக்கும் இருந்தது. இவ்வளவு வளர்ச்சியும் எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் விடும் என்ற கணக்கு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. அதைப் பிறப்பித்தவர்கள் யார், அது எப்படி வளர்ந்தது, எங்கே தடுக்கி நின்றது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கணக்குக்கு முன்னால் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மண்டலத்தில் பெரும்பகுதி தோட்டங்களாக இருந்தது. முதலில் பால்மரம், பிறகு செம்பனை. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பு அந்த மண்ணில் ஆழமாக இறங்கியிருக்கிறது. லயத்து வீடு, கோயில், பள்ளி, வேலைக்காடு எல்லாம் ஒரே எல்லைக்குள் இருந்த வாழ்க்கை அது. ஸ்கூடாய்ப் பக்கம் முத்தியாரா ரினி வீடமைப்புப் பகுதியில் இன்று இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி என்றுதான் பெயர். தோட்டம் போய்த் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது; பள்ளி மட்டும் பழைய பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

தோட்டம் தாமானாகும்போது ஒரு குடும்பத்தின் கரிக்கணக்கு தலைகீழாகிறது. வேலைக்கு நடந்து போனவரின் பிள்ளை மோட்டார்சைக்கிளில் இருபது, முப்பது கிலோமீட்டர் போகிறார். வீட்டுக்குள் குளிர்பதனப் பெட்டி வருகிறது, குளிரூட்டி வருகிறது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. லயத்து வறுமையிலிருந்து வெளியே வந்த குடும்பத்துக்கு மின்சாரமும் வண்டியும் உரிமை. வசதி பெருக வேண்டும், புகை பெருகக் கூடாது. வளரும் நாடுகள் எல்லாவற்றின் முன்னாலும் இருக்கும் கேள்வி இதுதான், ஜொகூரில் அது 2,217 சதுர கிலோமீட்டருக்குள் அளந்து பார்க்கக்கூடிய வடிவத்தில் வந்து நின்றது.

கேள்விக்கு விடை தேடும் கருவி பிறந்தது ஜப்பானில். அங்குள்ள தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிலையத்தில் மொரித்தா சுனேயுகியும் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் மட்சுவோக்கா யுசுருவும் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஆசிய–பசிபிக் நாடுகளுக்கென்று ஒரு கணினி மாதிரியை உருவாக்கி வந்தார்கள். ஓர் ஊரின் மக்கள்தொகை, தொழில், போக்குவரத்து, கட்டடம், எரிபொருள் ஆகியவற்றை உள்ளே கொடுத்தால், பிற்காலத்தில் அந்த ஊர் எவ்வளவு வெப்பவாயு வெளியிடும், எதை மாற்றினால் எவ்வளவு குறையும் என்று அது சொல்லும். மொரித்தா 2003-இல் காலமானார். அவருடைய தோழர்கள் வேலையை நிறுத்தவில்லை. 2050-க்குள் ஜப்பான் தன் கரியமில வாயுவை 70 விழுக்காடு குறைக்க முடியும் என்று 2007-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அதே காலத்தில் சிகா மாநிலத்துக்கும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பீவா அங்கேதான் இருக்கிறது. 1977-இல் அந்த ஏரி செந்நிறப் பாசி படர்ந்து நாறியபோது, பாஸ்பேட் கலந்த சலவைத்தூளை விட்டுச் சாதாரண சோப்புக்குத் திரும்புவோம் என்று இல்லத்தரசிகள் இயக்கம் நடத்தினார்கள். இரண்டே ஆண்டில் மாநில அரசு சட்டம் இயற்றியது. மக்கள் கேட்டதால் சட்டம் வந்த மண் அது. 2030-க்குள் வெப்பவாயுவை 1990-இல் இருந்த அளவில் பாதியாக்குவோம் என்று சிகா முடிவெடுத்தபோது, அதற்கு அடிப்படையாக இருந்தது கியோத்தோ குழுவின் கணக்கு.

அந்தக் குழு கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. வழக்கமாகத் திட்டம் போடுகிறவர்கள் இன்றிலிருந்து முன்னோக்கிப் போவார்கள்: போன ஆண்டு இவ்வளவு வளர்ந்தது, அடுத்த ஆண்டு இவ்வளவு வளரும் என்று. இவர்கள் கல்யாணத் தேதியைக் குறித்த பெண்வீட்டார் போல, முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். 2025-இல் ஊர் எப்படி இருக்க வேண்டும்? அப்படி இருக்க வேண்டுமென்றால் 2020-க்குள் எது முடிந்திருக்க வேண்டும்? அதற்கு 2015-க்குள் எந்தச் சட்டம் வேண்டும்? இப்படி எண்ணும்போது தள்ளிப்போடுவதற்கு இடம் குறைகிறது. எந்த வேலை எந்த ஆண்டில் தொடங்காமல் விடுபட்டது என்று பின்னால் வருகிறவர் விரல் வைத்துக் காட்டவும் முடிகிறது.

ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நகர்த் திட்டமிடல் பேராசிரியர் ஹோ சின் சியோங். அவருடைய குழுவும் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2009-இல் இஸ்கண்டாருக்கு ஒரு முதல் கணக்கை எழுதி, சிறு நூலாக வெளியிட்டார்கள். ஆய்வாளர்களின் முயற்சிதான் அது, ஆணை என்று சொல்ல முடியாது. ஆனால் காலம் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கோப்பன்ஹேகன் மாநாட்டில் பிரதமர் நஜிப் ரசாக் ஒரு வாக்குறுதி கொடுத்தார். ஒரு ரிங்கிட் உற்பத்திக்கு மலேசியா வெளியிடும் வெப்பவாயுவை, 2005-ஐ ஒப்பிட்டு, 2020-க்குள் 40 விழுக்காடு வரை குறைப்போம். பணக்கார நாடுகள் தொழில்நுட்பமும் நிதியும் தர வேண்டும் என்றார். நாட்டுக்கு வாக்கு வந்துவிட்டது. அதை ஓர் ஊரில் எப்படி நடத்துவது என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

2011-இல் ஜப்பானிய அரசின் இரு அமைப்புகள், ஒன்று அறிவியல் வளர்ச்சிக்கானது, இன்னொன்று வெளிநாட்டு உதவிக்கானது, ஐந்தாண்டுத் திட்டமாக இதை ஏற்றுக்கொண்டன. கியோத்தோ, ஒக்கயாமா பல்கலைக்கழகங்கள், ஜப்பானின் சுற்றுச்சூழல் ஆய்வு நிலையம், ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகம், இர்டா எல்லாம் அதில் சேர்ந்தன. பேராசிரியர் மட்சுவோக்கா ஜப்பானியப் பக்கத்துக்குத் தலைமை வகித்தார், மலேசியப் பக்கத்துக்கு ஹோ சின் சியோங். பெயரிலேயே ‘ஆசிய வட்டாரங்களுக்கான’ என்று இருந்தது. ஜொகூரில் கற்றதைப் பிற ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது தொடக்கத்திலேயே முடிவான விஷயம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 2005-இல் இஸ்கண்டார் வெளியிட்ட வெப்பவாயு, கரியமில வாயு அளவில் சொன்னால், 1.14 கோடி டன். எதையும் மாற்றாமல் போகிற போக்கில் போனால் 2025-இல் 3.13 கோடி டன் ஆகும். திட்டத்தில் சொன்னதெல்லாம் நடந்தால் 1.89 கோடி டன்னில் நிறுத்தலாம். அதாவது போகிற போக்கைவிட 40 விழுக்காடு குறைவு. ஒரு ரிங்கிட் உற்பத்திக்கு என்று கணக்கிட்டால் 2005-ஐவிட 58 விழுக்காடு குறைவு.

இந்த எண்களை வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1.14 கோடி, 1.89 கோடி. திட்டம் முழு வெற்றி பெற்றாலும் மொத்தப் புகை மூன்றில் இரண்டு பங்கு கூடத்தான் செய்யும். ‘58 விழுக்காடு குறைப்பு’ என்ற தலைப்பை மட்டும் படித்தவருக்கு இது தெரியாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எண்கள் எல்லாம் வெளிப்படையாகவே அச்சில் இருக்கின்றன. ஊர் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும்போது மொத்தத்தையும் குறைத்துக் காட்டு என்று ஒரு வளரும் வட்டாரத்தைப் பார்த்துக் கேட்பது அநியாயம். இரு நூற்றாண்டாகக் கரி எரித்துப் பணக்காரரான நாடுகளுக்கு ஒரு விதி, நமக்கு வேறொரு விதி என்பதுதான் நியாயம். ஆனாலும் வானத்துக்கு விழுக்காடு தெரியாது, அங்கே போய்ச் சேருவது டன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிற துணிவு அரசுகளுக்கு வர வேண்டும்.

திட்டம் பன்னிரண்டு செயல்களாகவும், அவற்றுக்குள் 281 திட்டக்கூறுகளாகவும் விரிந்தது. பசுமைப் போக்குவரத்து, தொழிற்சாலை, நகராட்சி நிர்வாகம், கட்டடம், எரிசக்தி, வாழ்க்கைமுறை, மக்கள் பங்கேற்பு, நடப்பதற்கேற்ற நகர அமைப்பு, நெருக்கமான நகர வளர்ச்சி, காடும் நீர்நிலையும், குப்பை, தூய காற்று. ஊர்க்காரர்களையும் நகராட்சி ஊழியர்களையும் தொழில் நடத்துகிறவர்களையும் குழுக்குழுவாகக் கூட்டி உட்காரவைத்துக் கருத்துக் கேட்டுத்தான் பட்டியல் முடிவாயிற்று. 2012 நவம்பர் இறுதியில் தோஹாவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் திட்டம் நூலாக வெளியிடப்பட்டது. டிசம்பரில் பிரதமர் ஒப்புதல் தந்தார். பல்கலைக்கழக அறையில் பிறந்த கணக்கு மூன்றே ஆண்டில் அரசின் கணக்காகிவிட்டது. ஆய்வு நூல்கள் அலமாரியிலேயே மக்கிப்போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சாதாரண விஷயமல்ல.

281-ஐயும் ஒரே நாளில் தொடங்க முடியாது. 2013-இல் பத்தை மட்டும் முன்னால் எடுத்தார்கள். பாசிர் கூடாங் தொழில்நகரைச் சீர்ப்படுத்துவது அவற்றில் ஒன்று; கூலாய்ப் பக்கம் ஃபெல்டா என்ற நிலக்குடியேற்ற அமைப்பின் தாயிப் அண்டாக் குடியேற்றத்தைக் குறைந்த கார்பன் கிராமமாக்குவது மற்றொன்று. செம்பனை பயிரிடும் கிராமம் இதற்குள் எப்படி வருகிறது என்று கேட்கலாம். செம்பனை ஆலையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கழிவுநீரைக் குளங்களில் தேக்குவார்கள். காற்றுப்படாத அடியில் அது நொதித்து மீத்தேன் வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன், கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து எரித்தால் மின்சாரமாகும். நாற்றமும் குறையும், வெப்பமும் குறையும், விளக்கும் எரியும். தோட்டப்புறத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தக் குளத்தின் வாடை தெரியும். அதற்குள் இவ்வளவு சக்தி வீணாய்ப் போவது பலருக்குத் தெரியாது.

பத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது பள்ளிக்கூடத் திட்டம். கியோத்தோ நகரம் 2005 முதல் தன் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி ஏடு கொடுத்து வந்தது. விடுமுறை நாள்களில் வீட்டில் மின்சாரம், தண்ணீர், உணவு, குப்பை ஆகியவற்றைப் பிள்ளைகள் கவனித்து எழுத வேண்டும். எதைக் குறைத்தோம் என்று குறிக்க வேண்டும். அந்த ஏட்டை ஜொகூருக்குக் கொண்டுவந்து, உள்ளூர் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி, 2013-இல் 23 ஆரம்பப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு 80 பள்ளிகள். பிறகு மண்டலம் முழுவதும் பரவியது. கியோத்தோவில் விடுமுறையில் கம்பளியும் சூடாக்கியும் பேசுபொருள், ஜொகூரில் விசிறியும் குளிரூட்டியும். ஏடு ஊருக்கு ஊர் மாறத்தான் வேண்டும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை விளக்கை அணைப்பதால் திட்டம் குறைக்க நினைத்த 1.24 கோடி டன் குறைந்துவிடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: மின்கட்டணச் சீட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வளர்ந்து வாக்காளராகும்போது, ‘நம் மின்சாரம் எதை எரித்து வருகிறது’ என்று கேட்கும். அந்தக் கேள்வி கேட்கும் ஆள் இல்லாத ஊரில் எந்தத் திட்டமும் நிற்காது. பீவா ஏரிக்கரையில் இல்லத்தரசிகள் காட்டிய பாடம் அதுதானே.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பான பகுதி.

மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் புலாய் ஆற்றுச் சதுப்புக்காடு இருக்கிறது. குக்குப் தீவு, ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் ஆகியவற்றோடு சேர்த்து 2003-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அது அறிவிக்கப்பட்டது. அதே கடலோரத்தில்தான் தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையமும் நிற்கிறது. 2006, 2007-இல் 2,100 மெகாவாட்டோடு ஓடத் தொடங்கியது. குறைந்த கார்பன் திட்டத்துக்குப் பிரதமர் ஒப்புதல் தந்து நான்காண்டுக்குள், 2016-இல், இன்னும் 1,000 மெகாவாட் நிலக்கரி அலகு அங்கே சேர்ந்தது. கையால் ஒரு கணக்குப் போடுகிறேன். அந்த ஓர் அலகு தன் திறனில் 80 விழுக்காடு ஓடினால் ஆண்டுக்கு 700 கோடி யூனிட். யூனிட்டுக்கு 0.85 கிலோ என்று வைத்தால் ஏறத்தாழ 60 லட்சம் டன் கரியமில வாயு. பன்னிரண்டு செயல்களும் 281 கூறுகளும் சேர்ந்து மிச்சம் பிடிக்க நினைத்தது ஆண்டுக்கு 1.24 கோடி டன். அதில் பாதிக்கு அருகில் இது! அந்த மின்சாரம் நாட்டுக் கட்டமைப்புக்குப் போகிறது, இஸ்கண்டார் மட்டும் அதை எரிக்கவில்லை என்பது சரியான பதில். ஆனால் காற்று ஒன்றுதான்.

கிழக்கே பாசிர் கூடாங். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவின் நெடியால் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு வந்தார்கள். 111 பள்ளிகளை மூட நேர்ந்தது. முன்னுரிமைப் பத்தில் இடம்பெற்ற நகரம் அது. கடலில் வேறொன்று: மெராம்போங் கடற்புல் படுகையை ஒட்டி, நான்கு செயற்கைத் தீவுகளாகத் திட்டமிட்ட ‘ஃபாரஸ்ட் சிட்டி’ என்ற நகரை 2014 முதல் மணல் கொட்டி எழுப்பத் தொடங்கினார்கள். கடற்புல் கரியமில வாயுவை உறிஞ்சி அடிமண்ணில் புதைத்து வைக்கும்; கடற்பசு மேய்வதும் அதில்தான். பசுமை நகரம் என்ற விளம்பரத்தோடு அதன் மேல் மணல் விழுந்தது.

திட்டம் பொய் என்று இதனால் சொல்ல மாட்டேன். அது பிறந்த இடத்திலேயே ஒரு குறை இருந்தது என்பேன். கணக்கு எழுதியவர்களிடம் சாவி இல்லை. மின்நிலையம் எதை எரிப்பது என்பதைக் கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் முடிவு செய்கிறார்கள். நிலம் மாநில அரசின் கையில். குப்பையும் கட்டட அனுமதியும் நகராட்சிகளின் கையில், அதுவும் ஒன்றல்ல, ஐந்து. இர்டா எல்லோரையும் அழைத்துப் பேசலாம், வற்புறுத்தலாம். கட்டளையிடும் அதிகாரம் குறைவு. பேருந்துக்கென்று தனிப்பாதை அமைக்கும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, வடிவம் மாறி மாறி, சாலையில் ஓடாமலே காலம் போயிற்று. அதற்குள் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய்வருகிறவர்கள் நாளொன்றுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். விடியுமுன் எழுந்து, மோட்டார்சைக்கிள் புகைக்குள் மணிக்கணக்கில் நின்று வேலைக்குப் போகும் அவர்களில் பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் பேர். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு நான்கு கிலோமீட்டர் ரயில் பாதை, ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றும் திறனோடு கட்டப்படுகிறது. இரண்டு அரசுகள் ஒப்பந்தம் போட்டு, பணம் ஒதுக்கி, காலக்கெடு வைத்ததால் அது எழுகிறது. சாவி உள்ளவர்கள் கணக்கையும் கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

2012-இல் யாருடைய கணக்கிலும் பெரிதாக இல்லாத ஒன்று இப்போது வந்திருக்கிறது. மின்சாரமும் நிலமும் போதவில்லை என்று சிங்கப்பூர் 2019 முதல் சில ஆண்டுகள் புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்தது. அவை கடல் தாண்டி ஜொகூருக்கு வந்தன. கூலாய் வட்டாரத்தில் செடெனாக் பக்கம் செம்பனை நின்ற இடத்தில் இரவும் பகலும் குளிரூட்டப்படும் கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். 2021-இல் புதிய நிலக்கரி மின்நிலையங்கள் கட்டுவதில்லை என்று மலேசியா அறிவித்தது பெரிய திருப்பம்தான், ஆனால் பழையவை ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய கணக்கு 2025-ஐ முகூர்த்தமாக வைத்து எழுதியது. தரவு மையங்களையும் சேர்த்துப் புதிதாக எழுதாமல் யாரும் இனி இஸ்கண்டாரைக் குறைந்த கார்பன் வட்டாரம் என்று அழைக்கக் கூடாது.

இஸ்கண்டாரில் கற்ற முறை அங்கேயே நின்றுவிடவில்லை. அதே பல்கலைக்கழகக் குழுவின் கைகள் புத்ராஜெயாவுக்கும் கோலாலம்பூருக்கும் இப்படிப்பட்ட திட்டங்களை எழுதின. கோலாலம்பூரின் திட்டம் 2030-ஐக் குறிவைத்து 2018-இல் வெளிவந்தது. இந்த முறை தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். அங்கே 2022-இல் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கி, மாவட்டந்தோறும் ஆட்சியரிடம் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஜொகூரில் இல்லாத ஒரு வசதி அங்கே இருக்கிறது: ஒரு மாவட்ட ஆட்சியர் பல துறைகளைக் கூப்பிட்டு உத்தரவிட முடியும். அந்த அதிகாரத்தோடு கணக்கும் சேர வேண்டும்.

ஜொகூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நகராட்சி மன்ற உறுப்பினரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: 2005-இல் எத்தனை டன், 2025-இல் உண்மையில் எத்தனை டன், 2030-க்கு எத்தனை டன். மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் அவற்றை எழுதி, அந்தப் பயிற்சி ஏட்டை நிரப்பிய பிள்ளைகள் படித்த பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரால் எழுதிய கணக்கு அது. வரவு செலவைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.